வீட்டு மேசையிலும் காசினோ மேசையிலும் போக்கர்: ஒரு பெண் எப்படி ஆடலாம்?

கோத்தகிரியில் இருக்கும் ஒரு சகோதரியின் கேள்வி, சுருக்கமாக: மாமியார் வீட்டில் ரம்மி ஆடி நல்ல பழக்கம். கணவரும் அவருடைய நண்பர்களும் சனிக்கிழமை மாலைகளில் குன்னூரில் டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர் ஆடுகிறார்கள். தானும் உட்காருகிறேன் என்றால் "இது ரம்மி இல்லைம்மா" என்று சிரிக்கிறார்கள். மே மாதம் குடும்பத்தோடு கோவா போகிறார்கள். அங்கே காசினோவில் ஒரு பெண் தனியாகப் போக்கர் மேசையில் உட்காரலாமா, எப்படி ஆட வேண்டும், கணவரோடு ஒரே மேசையில் ஆடலாமா?

தாராளமாக உட்காருங்கள். நான் குன்னூர்க்காரி, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். இந்த மலையில் வீட்டு ஆட்டங்களிலும், விடுமுறைக்குப் போகும்போது கோவாவிலும் பல வருஷமாக ஆடி வருகிறேன். பெரும்பாலும் மேசையில் நான் ஒருத்திதான் பெண். சீட்டு போடுவதற்கு முன்பே எதிரில் இருப்பவர்கள் என்னைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்: இவள் பயந்து ஆடுவாள், அல்லது இவளுக்கு ஒன்றும் தெரியாது, அல்லது இவளிடம் தோற்கக் கூடாது. ஹோல்டெமில் கையில் இரண்டு சீட்டு வரும். அவர்கள் நம்மைப் பற்றி எடுத்த முடிவு நமக்கு மூன்றாவது சீட்டு. அந்த முடிவைத் திருத்தப் பாடுபடாதீர்கள். எதிரில் இருக்கும் ஒவ்வொருவரும் என்ன முடிவில் இருக்கிறார் என்று கண்டுபிடித்து, அதற்குத் தகுந்தபடி ஆடுங்கள். நான் சொல்லப்போவது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

முதலில் ரம்மி. அது உங்களுக்குப் பெரிய பலம். பாயின்ட் ரம்மியில் கை சரியில்லை என்றால் முதல் டிராப்புக்கு 20, நடுவில் விட்டால் 40, கடைசிவரை உட்கார்ந்து மாட்டினால் 80. 20-ஐக் கொடுத்துவிட்டு மனசைத் தேற்றிக்கொள்ளும் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. போக்கரில் ஃபோல்ட், அதாவது கையை விட்டுவிடுவது, அதே வேலையைத்தான் செய்கிறது, அதுவும் மலிவாக. பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறை வைத்துப் போட வேண்டிய கட்டாயப் பணம், அதில் பெரியது பிக் பிளைண்ட்) உங்கள் முறை இல்லாதபோது ஃபோல்ட் செய்யக் காசே ஆகாது. வீட்டு ஆட்டத்தில் தோற்கிறவர்கள் பிளஃப் செய்யத் தெரியாமல், அதாவது மோசமான கையோடு பணம் வைத்து மிரட்டத் தெரியாமல், தோற்பதில்லை. வந்த சீட்டை விட மனசு வராமல்தான் தோற்கிறார்கள்.

ரம்மியிலிருந்து விட வேண்டியதும் ஒன்று உண்டு. ஒரு சீட்டு வந்தால் சேர்ந்துவிடும் என்று காத்திருக்கும் குணம். ரம்மியில் காத்திருக்கத் தனியாகக் காசு கேட்க மாட்டார்கள், போக்கரில் ஒவ்வொரு சுற்றிலும் கேட்பார்கள். கொடுக்கலாமா என்பது எளிய கணக்கு. நடுவில் 300 இருக்கிறது, எதிராளி 150 வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 150 போட்டால் மொத்தம் 600 ஆகும். அதில் உங்கள் பங்கு கால் பாகம், ஆகவே நூற்றுக்கு 25 தடவையாவது ஜெயிக்கிற கை வேண்டும். ஹோல்டெமில் நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று சீட்டு (அதுதான் ஃப்ளாப்), பிறகு ஒவ்வொன்றாக இரண்டு விரிப்பார்கள், கையிலும் நடுவிலும் இருப்பதில் சிறந்த ஐந்துதான் கணக்கு. உங்கள் கையில் இரண்டு ஆட்டின், நடுவில் விரித்த மூன்று சீட்டில் இரண்டு ஆட்டின் என்றால், ஐந்து சேர இன்னும் ஒன்று போதும், கட்டில் இன்னும் 9 ஆட்டின் பாக்கி. இரண்டு சீட்டு வர வேண்டியிருந்தால் 9-ஐ 4-ஆல் பெருக்குங்கள், ஒரே சீட்டு என்றால் 2-ஆல். நூற்றுக்கு 36, 18 என்று வரும். சரியான விடை 35, 19. அடுத்த சீட்டிலும் அவர் பெரிதாக வைப்பார் என்று தோன்றினால் உங்களுக்கு இருப்பது 19 மட்டும்தான், விட்டுவிடுங்கள். ரம்மியில் கட்டில் பாக்கி இருக்கும் சீட்டை மனசுக்குள் எண்ணுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும்.

தீபாவளிக்கு மூணு சீட்டு ஆடுகிற வீடாக இருந்தால் கைகளின் வரிசையில் கவனம் தேவை. மூணு சீட்டில் தொடர் வரிசை ஒரே ஜாதியை வெல்லும். போக்கரில் அது தலைகீழ், ஒரே ஜாதி ஐந்து சீட்டு தொடர் வரிசையை வெல்லும். எது அரிதோ அதற்கு மதிப்பு அதிகம், அவ்வளவுதான். மூன்று சீட்டில் தொடர் வரிசை 720 விதமாகவும் ஒரே ஜாதி 1,096 விதமாகவும் வரும். ஐந்து சீட்டில் ஒரே ஜாதி 5,108, தொடர் வரிசை 10,200. காசினோவில் இதைக் குழப்பிக்கொண்டு முழுச் சிப்ஸையும் (காசுக்குப் பதில் வைக்கும் வில்லைகள்) நகர்த்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்தக் கையோடு உள்ளே போவது? ஏஸ் ஜோடி 221 தடவைக்கு ஒரு தடவைதான் வரும். ஏதாவது ஒரு ஜோடி 17 தடவைக்கு ஒரு தடவை. நல்ல சீட்டுக்காக மட்டும் காத்திருந்தால் மாலை முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். முதலில் பேச (வைப்பதா விடுவதா என்று முடிவு சொல்ல) வேண்டிய இடத்தில் இருந்தால் பெரிய ஜோடி, ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி மாதிரி கைகள் மட்டும் போதும். டீலர் பட்டன் (ஆட்டத்துக்கு ஆட்டம் ஒருவர் தள்ளி நகரும் வட்ட வில்லை) உங்கள் முன்னால் இருக்கும்போது தாராளமாக ஆடலாம். ஃப்ளாப்புக்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் எல்லோரும் பேசி முடித்த பிறகே நீங்கள் பேசுவீர்கள். கடைசியாகப் பேசும் இடத்தின் மதிப்பு, கையில் இருக்கும் ஒரு ராஜாவை விடப் பெரியது என்பது என் அழுத்தமான கருத்து.

வீட்டு ஆட்டத்துக்கென்று ஒரு தனி விஷயம். அங்கே எல்லோரும் கால் செய்வார்கள், அதாவது எதிராளி வைத்த அளவுக்குத் தாங்களும் போட்டு உள்ளே வருவார்கள். ஏஸ் ஜோடிக்கு எதிரில் யோசிக்காமல் வந்த ஒருவர் மட்டும் என்றால் நூற்றுக்கு 85 தடவை நீங்கள் ஜெயிப்பீர்கள். நான்கு பேர் என்றால் அது 56 ஆகிவிடும், ஐந்து பேர் என்றால் பாதிக்கும் கொஞ்சம் கீழே. "ஏஸ் ஜோடி வந்தும் தோற்றுவிட்டேன்" என்று குன்னூரில் கேட்கும் புலம்பலுக்குக் காரணம் ராசி கிடையாது. சின்னதாக ரெய்ஸ் செய்து, அதாவது பணத்தைக் கொஞ்சம்தான் உயர்த்தி, ஐந்து பேரை உள்ளே கூப்பிட்டதுதான். காசினோவில் பிக் பிளைண்டைப் போல மூன்று மடங்கு போதும் என்றால் வீட்டில் ஆறு மடங்கு, ஏழு மடங்கு வையுங்கள். ஒருவர் இருவர் மட்டும் வரட்டும்.

சரி, இனி மேசையில் இருக்கும் ஆண்கள். இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்டிருக்கிறீர்கள்.

மரியாதைக்காரர் ஒருவர் எப்போதும் இருப்பார். வெலிங்டன் பக்கம் ஓய்வு பெற்ற ராணுவக்காரர்களிலும் எஸ்டேட் மேனேஜர்களிலும் இந்த வகை அதிகம். ஒரு பெண் ரெய்ஸ் செய்தால் அவளிடம் நிச்சயம் பெரிய கை இருக்கிறது என்று நம்புகிறவர். கையில் நல்ல ஜோடியை வைத்துக்கொண்டு "நீங்க எடுத்துக்கோங்கம்மா" என்று மடித்து வைப்பார். நடுவில் 300 இருக்கும்போது நீங்கள் 150 வைத்துப் பிளஃப் செய்தால், மூன்றில் ஒரு தடவைக்கு மேல் அவர் விட்டாலே உங்களுக்கு லாபம். இவர் பாதிக்கு மேல் விடுவார். அப்படியானால் இவரிடம் பிளஃப் செய்து கொண்டே இருக்கலாம். ஆனால் இவரே திருப்பி ரெய்ஸ் செய்தால் உடனே விட்டுவிடுங்கள். பெண்ணை எதிர்த்து ரெய்ஸ் செய்யும் அளவுக்கு அவர் கையில் ஏதோ மிகப் பெரியது இருக்கிறது.

இதே மரியாதையில் ஒரு கெட்ட பக்கமும் உண்டு. சிலர் உங்களோடு தனியாக மோதும்போது மட்டும் பணம் வைக்காமல், சீட்டைக் கடைசிவரை சும்மா திறந்து பார்த்து முடித்துவிடுவார்கள். உங்களுக்குச் செய்யும் உபகாரம் என்று நினைப்பார்கள். மூன்றாவதாக ஆடுகிறவருக்கு அது அநியாயம். போட்டி ஆட்டங்களில் அதற்குத் தண்டனையே உண்டு. முதல் நாளே சிரித்த முகத்தோடு, "அண்ணா, எனக்கும் மற்றவர்களைப் போலவே வையுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். நான் சொல்லியிருக்கிறேன், யாரும் கோபித்துக்கொண்டது இல்லை.

அடுத்தவர் வாத்தியார். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நீங்கள் என்ன செய்திருக்க வேண்டும் என்று விளக்குவார். எரிச்சல் வரும்தான், ஆனாலும் நிறுத்தாதீர்கள். இன்னும் கேளுங்கள். "அந்த இடத்தில் நீங்கள் என்றால் கால் செய்திருப்பீர்களா?" என்று கேட்டால் தன் ஆட்டம் முழுவதையும் எடுத்துச் சொல்லிவிடுவார். ஜாக்கி ஜோடியை எப்படி ஆடுவார், எப்போது பயப்படுவார், எந்த அளவு பணம் வைத்தால் அது பிளஃப் என்று நினைப்பார் என்பதெல்லாம் இலவசமாகக் கிடைக்கும். இவர் எடுத்த முடிவு நமக்கு ஒன்றும் தெரியாது என்பது. ஆகவே நாம் நடிக்கிறோம் என்ற சந்தேகமே இவருக்கு வராது. ஃப்ளாப்பில் மூன்று ஒரே சீட்டு சேர்ந்துவிட்டால் கொஞ்சம் தயங்கிவிட்டுப் பணம் வையுங்கள், கால் செய்வார்.

மூன்றாவது, பெண்ணிடம் தோற்கக் கூடாது என்றிருப்பவர். இவர் சில சமயம் சிரித்துப் பேசிக்கொண்டே இருப்பார், உங்களிடம் ஒரு பெரிய கை தோற்ற பிறகுதான் அடையாளம் தெரியும். முகம் மாறும், அடுத்தடுத்து ரெய்ஸ் செய்வார், உங்கள் பிளைண்டைக் குறிவைப்பார். இந்த ஆளிடம் ஒருபோதும் பிளஃப் செய்யாதீர்கள், உங்கள் சீட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதற்காகவே கால் செய்வார். நல்ல கை வரும்வரை பொறுங்கள், வந்ததும் நீங்கள் நினைப்பதை விட ஒன்றரை மடங்கு வையுங்கள். மரியாதைக்காரரிடம் வேலை செய்வதும் இவரிடம் வேலை செய்வதும் நேர் எதிர். ஒரே சீட்டை இரண்டு பேருக்கு எதிராக இரண்டு விதமாக ஆட வேண்டும்.

கோவாவில் இளைஞர்கள் அதிகம். பெங்களூரு, ஹைதராபாத், மும்பையிலிருந்து வருவார்கள். ஆன்லைனில் ஆடிப் பழகியவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள். அப்படி ஒரு தம்பி என் பிளைண்ட் வரும்போதெல்லாம் ரெய்ஸ் செய்துகொண்டே இருந்தார். நடுத்தர வயதுப் பெண், விட்டுவிடுவாள் என்பது அவர் கணக்கு. நானும் பல தடவை விட்டேன். பிறகு இஸ்பேட் ஏஸும் இஸ்பேட் ஐந்தும் வந்தபோது அவர் வைத்ததைப் போல நான்கு மடங்கு வைத்தேன். அந்தக் கையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. ஏஸ் ஒன்று என்னிடம் இருப்பதால் அவரிடம் ஏஸ் ஜோடி இருப்பதற்கான வழிகள் 6-லிருந்து 3 ஆகக் குறையும், ஏஸ்-ராஜா 16-லிருந்து 12 ஆகும். மேலும் அதுவரை நான் அமைதியாக இருந்ததால் அந்த ரெய்ஸுக்கு அவர் கண்ணில் எடை அதிகம். விட்டுவிட்டார். அதற்குப் பிறகு என் பிளைண்டைத் தொடவில்லை.

காசினோவில் ஒரு பெண்ணுக்குப் பெரிய ஆறுதல், அங்கே எழுதி வைத்த விதிகள் இருக்கின்றன. வீட்டில் உறவும் கூச்சமும் நடுவில் வரும், அங்கே சீட்டுப் போடும் டீலரும் மேலாளரும் சொல்வதுதான் முடிவு. சிலவற்றைத் தெரிந்துகொண்டு போங்கள். வாயால் சொன்னால் அது கட்டும். "ரெய்ஸ்" என்று சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது. ஒன்றும் சொல்லாமல் ஒரே ஒரு பெரிய சிப்பைப் போட்டால் அது கால் என்றே எடுத்துக்கொள்வார்கள். சிப்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு தடவையில் தள்ளக் கூடாது. உங்கள் சீட்டின் மேல் ஒரு சிப்பை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் டீலர் தவறுதலாக இழுத்துவிடலாம். ஆட்டம் நடக்கும்போது பக்கத்துத் தமிழரிடம் தமிழில் பேசினால் தடுப்பார்கள். இருவரும் கூட்டுச் சேர்ந்து ஆடுகிறார்கள் என்று மற்றவர்கள் சந்தேகப்படாமல் இருக்கத்தான் அது. யாராவது உங்களைப் பற்றி அசிங்கமாகப் பேசினாலோ நெருக்கி உட்கார்ந்தாலோ நீங்கள் நேரடியாக வாதாட வேண்டாம், டீலரிடம் மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். இடம் மாற்றித் தருவார்கள். இடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அடிக்கடி ரெய்ஸ் செய்யும் ஆளின் இடப்பக்கம் உட்கார முடிந்தால் உட்காருங்கள், அவர் பேசிய பிறகே நீங்கள் பேசுவீர்கள்.

குடிப்பதற்கு எதையாவது நீட்டிக்கொண்டே இருப்பார்கள். தண்ணீரும் காபியும் போதும். பணஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல் காசினோவாக இருந்தால் கரைக்குத் திரும்பும் படகு நேரத்தை உள்ளே போகும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காசினோவில் போக்கர் என்று பெயர் இருக்கும் எல்லாமே போக்கர் இல்லை. மூன்று சீட்டுப் போக்கர், கரீபியன் போக்கர் மாதிரியான மேசைகளில் நீங்கள் காசினோவை எதிர்த்து ஆடுகிறீர்கள். எவ்வளவு திறமை இருந்தாலும் நெடுநாளில் காசினோவுக்குத்தான் லாபம். ரூலெட்டில் ஒரு பூஜ்யம் உள்ள சக்கரத்தில் நூற்றுக்கு 2.7, இரண்டு பூஜ்யம் உள்ளதில் 5.26 அவர்களுக்குப் போகும். நம் ஊர் மங்காத்தா அங்கே அந்தர் பாஹர் என்ற பெயரில் பளபளப்பாக நடக்கும், அதுவும் அப்படித்தான். போக்கர் அறையில் மட்டும் எதிரில் இருப்பது சக ஆட்டக்காரர்கள். அங்கே காசினோ ஒவ்வொரு ஆட்டத்திலும் ரேக் என்று ஒரு பங்கு எடுக்கும். எத்தனை சதவீதம், அதிகபட்சம் எவ்வளவு என்று உட்காரும் முன் கேளுங்கள். சின்ன மேசையில் ரேக் அதிகம் உறைக்கும்.

வரியையும் மறக்காதீர்கள். காசினோவுக்கு ஜி.எஸ்.டி. 2023 அக்டோபர் 1 முதல் சிப்ஸ் வாங்கும் முழுத் தொகைக்கும் 28 சதவீதம் என்று ஆனது, 2025 செப்டம்பர் 22 முதல் 40. ஆகவே நான் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு சிப்ஸாக என் கைக்கு வரும் என்று கவுன்டரில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சீட்டாட்டத்தில் ஜெயித்ததற்கு வருமான வரி நேராக 30 சதவீதம், அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி. தோற்றதை அதில் கழிக்க முடியாது. வங்கியில் இருந்தவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: காசினோவுக்குப் போவது சம்பாதிக்க வேண்டும் என்று இருக்கக் கூடாது. போக்குவரத்துக்கும் அறைக்கும் ஒதுக்குவதைப் போல ஒரு தொகையை ஒதுக்குங்கள், அது திரும்பி வராது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். அதை இரண்டாகப் பிரித்து, முதல் பாதி போனால் எழுந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள், இரண்டாவதும் போனால் அன்றைக்கு முடிந்தது. ஏ.டி.எம். அட்டையை அறையில் விட்டுவிட்டுப் போங்கள்.

சட்டம் பற்றி. தமிழ்நாட்டில் காசினோ கிடையாது, இந்தியாவில் அது சட்டப்படி நடப்பது கோவாவிலும் சிக்கிமிலும். வீட்டு ஆட்டத்தில் பார்க்க வேண்டியது 1930-ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம். சீட்டாட்டத்துக்கு இடம் கொடுத்து அதில் லாபம் பார்க்கும் வீட்டை அது பொதுச் சூதாட்ட இல்லம் என்கிறது. 1968-இல் ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடும் ஆட்டம் என்று சொன்ன உச்ச நீதிமன்றமும், பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்தில் இடத்துக்காரர் லாபம் எடுத்தால் குற்றமாகலாம் என்று அதே தீர்ப்பில் சொன்னது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, ஆன்லைன் ஆட்டங்களுக்கான மாநிலச் சட்டத்தின் தடைப் பட்டியலிலிருந்து அவற்றை நீக்கியது. ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை, திறமை என்றாலும் அதிர்ஷ்டம் என்றாலும், மொத்தமாகத் தடை செய்துவிட்டது. என்னைக் கேட்டால் அது நல்லதுதான். ஆன்லைன் ரம்மியால் நம் மாநிலத்தில் எத்தனை குடும்பங்கள் அழிந்தன என்று பார்த்திருக்கிறோம். நடு ராத்திரியில் தனியாகப் போனைப் பார்த்து ஆடுகிறவரை "போதும், எழுந்திரு" என்று சொல்ல ஆள் கிடையாது.

ஆகவே உங்கள் கணவரின் நண்பர் வட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது: யாராவது ஒவ்வொரு ஆட்டத்திலும் பங்கு எடுக்கிறார்களா? எடுத்தால் அந்த வீட்டுக்குப் போகாதீர்கள், கணவரையும் நிறுத்துங்கள். எங்கள் ஆட்டத்தில் பணம் கை மாறுவதில்லை. எல்லோருக்கும் ஒரே அளவு சிப்ஸ், கணக்கு ஒரு நோட்டில். வருஷக் கடைசியில் அடியில் இருக்கும் மூன்று பேர் மற்ற எல்லோருக்கும் விருந்து வைக்க வேண்டும். பணமே இல்லாவிட்டால் பிளஃபுக்கு மதிப்பு இருக்காது என்பார்கள். அடி மூன்றில் வந்துவிடக் கூடாது என்று டிசம்பரில் எங்கள் டாக்டர் யோசிக்கும் யோசனையைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

வீட்டு ஆட்டத்தில் ஒரு பெண்ணுக்கு இருக்கும் பெரிய இழப்பு சீட்டில் கிடையாது, டீயில் இருக்கிறது. ஆட்டம் உங்கள் வீட்டில் நடந்தால் டீ போட, தட்டு எடுக்க, குழந்தையைப் பார்க்க என்று நீங்கள்தான் எழுந்துகொண்டே இருப்பீர்கள். நீங்கள் ஃபோல்ட் செய்த ஆட்டம்தானே என்று நினைப்பீர்கள். போக்கரில் மற்றவர்களைப் படிப்பதே அந்த நேரத்தில்தான். யார் எந்தக் கையோடு எவ்வளவு வைத்தார் என்று கடைசியில் சீட்டு திறக்கும்போது தெரியும். அதைப் பார்க்காமல் சமையலறையில் நின்றால் மற்ற ஆறு பேருக்கும் தெரிந்தது உங்களுக்கு மட்டும் தெரியாது. டீயைப் பெரிய பிளாஸ்க்கில் ஊற்றி, வர்க்கித் தட்டோடு மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். வேண்டுகிறவர் ஊற்றிக்கொள்ளட்டும். முதல் மாலையிலேயே இதைப் பழக்கமாக்குங்கள், மூன்றாவது வாரம் மாற்ற முயற்சி செய்தால் கஷ்டம். சாப்பாடு வீடு மாற்றி முறை வைத்துக்கொள்ளலாம். எங்கள் வட்டத்தில் ஆண்களும் சமைத்துக் கொண்டுவருகிறார்கள், ஒருவருடைய அவரைக்காய்க் குழம்புக்காகவே நான் அவர் வீட்டு முறைக்குத் தவறாமல் போவேன்.

கிளம்பும் நேரத்தையும் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில் இருட்டிய பிறகு காட்டெருமை நிற்கும், அக்டோபர், நவம்பர் மழையில் மண் சரியும், பனிமூட்டம் வேறு. எட்டரைக்குக் கிளம்ப வேண்டும் என்றால் ஆறு மணிக்கே சொல்லுங்கள். ஜெயித்துவிட்டு எட்டரைக்கு எழுந்தால், சொல்லாமல் இருந்தவரைப் பற்றி "ஜெயித்ததும் ஓடிவிட்டாள்" என்பார்கள். இதில் ஆட்டத்துக்கும் ஒரு பயன் உண்டு. கடைசி அரை மணியில் நீங்கள் பத்திரமாக ஆடுவீர்கள் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். மரியாதைக்காரரிடம் ஒரு நல்ல பிளஃபுக்கு அதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது.

இது ஆண்கள் ஆட்டம் என்று யாராவது சொன்னால் சில பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லாஸ் வேகாஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 1995-இல் பார்பரா என்ரைட் ஐந்தாவது இடத்துக்கு வந்தார். கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள் உட்காரும் அந்தக் கடைசி மேசையில் அதற்குப் பிறகு இன்னொரு பெண் உட்கார 30 வருஷம் ஆனது, 2025-இல் லியோ மார்கெட்ஸ் ஏழாவதாக வந்தார். 2007-இல் லண்டனில் நடந்த முதல் ஐரோப்பியத் தொடரின் முதன்மைப் போட்டியை ஜெயித்தவர் 18 வயது நார்வே பெண் அனெட் ஓப்ரெஸ்டாட். 2018-இல் நிகிதா லூதர் உலகத் தொடரின் பட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அந்தத் தொடரில் 1977-இலிருந்து பெண்களுக்கென்று தனிப் போட்டி நடக்கிறது. அதில் ஆண்களும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள், சட்டப்படி தடுக்க முடியவில்லை. அதனால் 2013-இல் நுழைவுக் கட்டணத்தை 10,000 டாலர் ஆக்கி, பெண்களுக்கு 9,000 தள்ளுபடி என்று வைத்துவிட்டார்கள்.

கடைசியாக, கணவரோடு ஒரே மேசையில் ஆடலாமா என்ற கேள்வி. காசினோவில் வேண்டாம். நீங்கள் இருவரும் எவ்வளவு நேர்மையாக ஆடினாலும், ஒருவர் ரெய்ஸ் செய்து மற்றவர் ஃபோல்ட் செய்யும் ஒவ்வொரு தடவையும் மற்றவர்கள் உங்களைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அந்தச் சந்தேகம் உங்கள் ஆட்டத்தைக் கெடுக்கும். இரண்டு மேசை இருந்தால் தனித்தனியாக உட்காருங்கள், ஒரே மேசைதான் என்றால் ஒருவர் ஆடும்போது மற்றவர் ஆற்றங்கரையில் நடக்கட்டும். குன்னூர் வீட்டில் ஒரே மேசைதான், வேறு வழியில்லை. அங்கே அவருடைய பக்கத்து நாற்காலியில் உட்காராதீர்கள், எதிரில் உட்காருங்கள். ஃபோல்ட் செய்த சீட்டை அவருக்குக் காட்டாதீர்கள், அவர் காட்டினாலும் பார்க்காதீர்கள். முதல் மாலையில் அவர் ரெய்ஸ் செய்து உங்களிடம் நல்ல கை இருந்தால், மற்றவர்களிடம் வைப்பதை விடக் கொஞ்சம் அதிகமாகவே வைத்துத் திருப்பி ரெய்ஸ் செய்யுங்கள். அதை ஒரு தடவை பார்த்துவிட்டால் உங்களை அவருடைய மனைவியாக நினைத்து ஆடிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் சீட்டை இரண்டாவது தடவை பார்ப்பார்கள். ஆனால் அவர் பிளஃப் செய்யும்போது இடது கையால் சிப்ஸைத் தட்டுகிறார் என்று உங்களுக்கு வீட்டிலேயே தெரிந்திருந்தால், அதை மேசையில் யாரிடமும் சொல்ல வேண்டாம். அவரிடமும் சொல்ல வேண்டாம்.